பிள்ளைப்பேற்றுக்குத் துணை போகிறீர்களா? திருகோணமலைப் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

தங்கச்சியோ மகளோ மச்சாளோ, "லேபர் ரூமுக்குள்ள நீங்கதான் வந்து நிக்கணும்" என்று உங்களைக் கேட்டிருப்பார். முதன்முறை போகிறவர்களுக்கு இரண்டு பயம் இருக்கும். அங்கே என்ன செய்வதென்று தெரியவில்லையே என்பது ஒன்று, எதையாவது பிழையாகச் செய்துவிடுவோமோ என்பது மற்றது. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: மருத்துவ வேலை எதுவும் உங்களுடையதல்ல. கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, பிள்ளையின் இதயத் துடிப்பு எப்படி இருக்கிறது, எப்போது ஊசி போடுவது என்பதையெல்லாம் மிட்வைஃபும் டொக்டரும் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் ஒரே நேரத்தில் பல கட்டில்களுக்கு ஓட வேண்டியவர்கள். ஒரே கட்டிலின் பக்கத்தில் நகராமல் இருக்கக்கூடிய ஆள் நீங்கள் மட்டும்தான்.

அப்படி நகராமல் இருப்பதில்தான் பலன் இருக்கிறது. 1980இல் குவாத்தமாலாவில் நடந்த ஓர் ஆய்வில் தாய்மாரின் பக்கத்தில் நின்றவர்கள் எந்தப் பயிற்சியும் இல்லாத சாதாரணப் பெண்கள். அவர்கள் நின்ற பிரசவங்களில் நோவு நேரம் குறைந்தது, சிக்கல்களும் குறைந்தன. 2017இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்தது. இடைவிடாத துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடியது, சிசேரியன் குறைந்தது, நோவு நேரம் சராசரியாக 40 நிமிடமளவில் சுருங்கியது. வெளிநாடுகளில் டூலா என்ற பெயரில் இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். நம் ஊரில் அந்த இடத்தில் நிற்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரை, துணையாளரைத் தாயே தெரிந்தெடுக்க வேண்டும் என்கிறது. இதை வீட்டில் பலர் மறந்துவிடுகிறார்கள். மூத்தவர் என்பதற்காக மாமியை அனுப்புவதும், அனுபவசாலி என்பதற்காகப் பெரியம்மாவை அனுப்புவதும் நடக்கிறது. அந்தப் பிள்ளையிடம் தனியே கேளுங்கள். அவள் யாருக்கு முன் கூச்சமில்லாமல் அழுவாளோ அவர்தான் பொருத்தமானவர்.

34 வாரத்துக்குள் கேட்டு முடிக்க வேண்டியவை

கர்ப்பிணி கிளினிக்குக்கு ஒரு தடவையாவது கூடப் போங்கள். குடும்பநல மாதுவிடம் அல்லது பிரசவம் நடக்கப்போகும் ஆஸ்பத்திரியில் இவற்றைக் கேளுங்கள்: லேபர் ரூமுக்குள் துணை அனுமதிக்கப்படுகிறதா, பெண் மட்டும்தானா, இடையில் ஆள் மாறலாமா, முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டுமா, துணையாளருக்கு ஏதும் வகுப்பு இருக்கிறதா, என்ன உடுப்பு, போன் கொண்டுபோகலாமா. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி இது வேறுபடும்; ஒரே ஆஸ்பத்திரியிலேயே கூட்டம் கூடிய நாளில் மாறும். கட்டில்களுக்கு இடையே சீலை மறைப்பு மட்டும் உள்ள அறைகளில் மற்றத் தாய்மாரின் மறைவுக்காகக் கணவரை உள்ளே விடத் தயங்குவார்கள். அதற்காகக் கணவர் வீட்டில் இருந்துவிடக் கூடாது. வாகனம், இரத்தம் தேவைப்பட்டால் ஆள், கையெழுத்து எல்லாவற்றுக்கும் அவர் வெளியே ஆயத்தமாக இருக்க வேண்டும்.

எந்த ஆஸ்பத்திரி என்பதும் இப்போதே முடிவாக வேண்டும். கிண்ணியா, மூதூர், கந்தளாய், புல்மோட்டைப் பக்கத்தவர்களுக்குக் கிட்டவே ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் முன்னர் சிசேரியன் நடந்தவர், இரத்த அழுத்தமோ சீனியோ உள்ளவர், இரட்டைப் பிள்ளை, நச்சுக்கொடி கீழே கிடப்பவர் ஆகியோரை எங்கே சேர்ப்பது என்பதை கிளினிக் டொக்டர்தான் சொல்ல வேண்டும். இரவிலும் தியேட்டரும் மயக்க மருந்து டொக்டரும் இரத்தமும் கிடைக்கும் இடம் அவர்களுக்குத் தேவை. "நோவு வந்த பிறகு பார்ப்போம்" என்று விட்டால் இடமாற்றம் நடு இரவில், நடு ரோட்டில் நடக்கும்.

உங்களுக்குக் காய்ச்சல், இருமல், அம்மை, கையில் சீழ்ப்புண் ஏதாவது இருந்தால் போகாதீர்கள். அதற்காகவே இரண்டாவது ஆள் ஒருவரை இப்போதே சொல்லி வையுங்கள்.

பை

மூன்று பை கட்டுங்கள், 36 வாரத்தில் கதவோரம் இருக்கட்டும். தாயின் பையில் மேலாக வைக்க வேண்டியவை கர்ப்பிணி அட்டை, அடையாள அட்டை, ஸ்கேன், இரத்த ரிப்போர்ட்டுகள். எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில். பிறகு முன்னால் திறக்கும் சோட்டி மூன்று, உள்ளாடை, பெரிய அளவுப் பாட் இரண்டு பைக்கற், துவைத்து வெயிலில் காயவைத்த பருத்தித் துணிகள். பிள்ளையின் பையில் மென்மையான சட்டை ஐந்தாறு, தொப்பி இரண்டு, நாப்கின் ஒரு டசின், துடைக்கவும் போர்த்தவும் சுத்தமான துணி நான்கு. தொப்பியை மறந்துவிடாதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு எதற்கு என்று கேட்பார்கள். ஈரமாகப் பிறக்கும் பிள்ளை மின்விசிறிக் காற்றில் தலை வழியே வெகு விரைவில் சூட்டை இழக்கும்.

உங்கள் பையைத்தான் எல்லோரும் விட்டுவிடுவது. இரண்டு லீற்றர் தண்ணீர், பிஸ்கட், வாழைப்பழம், மாற்றுடுப்பு, சிறு துவாய் இரண்டு, பனையோலை விசிறி, கொப்பியும் பேனையும், நீங்கள் தினமும் போடும் குளிசை. ஏழெட்டு மணி நேரம் சாப்பிடாமல் நின்று, கடைசி நேரத்தில் தலைசுற்றி விழும் துணையாளரையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய நிலை மிஸ்மாருக்கு வருவதுண்டு. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மோதிரம், வளையல் வீட்டில் இருக்கட்டும். இடுப்பை அழுத்தும்போது தோலைக் கீறும்.

எப்போது புறப்படுவது

பொய்நோவு ஒழுங்கில்லாமல் வரும், நடந்தாலோ படுத்தாலோ தணியும். உண்மை நோவு முதுகில் தொடங்கி முன்னுக்குச் சுற்றி வரும், இடைவெளி குறைந்துகொண்டே போகும், எது செய்தாலும் நிற்காது. ஒரு நோவின் தொடக்கத்திலிருந்து அடுத்த நோவின் தொடக்கம் வரை எண்ணுங்கள். பலர் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் வரை எண்ணுகிறார்கள். அப்படி எண்ணினால் இடைவெளி உண்மையைவிடக் குறைவாகத் தெரியும், வாட்டில் சொல்லும் கணக்கும் பிழைக்கும். முதற்பிள்ளை, எந்தச் சிக்கலும் இல்லை, ஆஸ்பத்திரி பக்கத்தில் என்றால், 5 நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடமளவு, இப்படி ஒரு மணித்தியாலம் தொடர்ந்தால் புறப்படலாம். இரண்டாவது மூன்றாவது பிள்ளை என்றால் இவ்வளவு காத்திருக்க வேண்டாம். கிளினிக்கில் திகதி குறித்து வரச் சொல்லியிருந்தால் நோவு இல்லாவிட்டாலும் அந்தத் திகதியில் போங்கள்.

நோவு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் உடனே போக வேண்டியவை: பன்னீர்க்குடம் உடைதல், முக்கியமாக நீர் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால், இரத்தம் போதல், பிள்ளையின் துடிப்பு வழமையைவிடக் குறைதல், விடாத தலையிடி, கண் மங்கல், நெஞ்சுக்குக் கீழே எரிவு, வலிப்பு, காய்ச்சல், 37 வாரத்துக்கு முன் நோவு, முன்னர் சிசேரியன் நடந்தவருக்கு நோவு தொடங்குதல். நீர் உடைந்தால் நேரத்தையும் நிறத்தையும் கொப்பியில் எழுதுங்கள். துணி வைக்காதீர்கள், பாட் வையுங்கள். எவ்வளவு போனது, என்ன நிறம் என்று மிஸ் பார்க்க முடியும்.

1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் காசில்லாமல் வரும். இடத்தைச் சொல்லும்போது வீட்டு இலக்கத்தைவிடக் கோயில், பள்ளிவாசல், பாடசாலை, சந்தி என்று அடையாளம் சொல்லுங்கள், ஒருவரை ரோட்டில் டோர்ச்சுடன் நிறுத்துங்கள். தெரிந்த ஓட்டோக்காரர் இருவரின் இலக்கமும் சுவரில் இருக்கட்டும். வெருகல், ஈச்சிலம்பற்று, குச்சவெளிக்கு வடக்கே இருப்பவர்களுக்கு எங்கள் ஆலோசனை வேறு: கார்த்திகை முதல் தை வரையான மாரிக்குள் திகதி விழுந்தால் ஒரு கிழமைக்கு முன்பே ஆஸ்பத்திரிக்குக் கிட்டிய சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிடுங்கள். அப்படி வீடு இல்லையென்றால் முன்கூட்டியே வாட்டில் சேர முடியுமா என்று மிட்வைஃபிடம் கேளுங்கள். ஆற்று வெள்ளம் ரோட்டை மூடிய பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

நோவு வரவைக்க ஆமணக்கெண்ணெய், கசாயம் எதுவும் கொடுக்காதீர்கள். பேதியாகி உடல் நீர் வற்றி, நோவு தொடங்கும்போதே தாய் களைத்துப் போயிருப்பாள்.

லேபர் ரூமுக்குள்

உள்ளே போனதும் மிட்வைஃபிடம் பெயரைச் சொல்லுங்கள், "நான் என்ன செய்யலாம், எதைத் தொடக் கூடாது?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பாதி முரண்பாட்டைத் தவிர்த்துவிடும். கை கழுவுங்கள். மற்றக் கட்டில்களைப் பார்க்காமல் உங்கள் முகம் உங்கள் தாயின் பக்கமே இருக்கட்டும். படம் எடுக்க வேண்டாம்.

கருப்பை வாய் 5 சென்றிமீற்றர் திறக்கும் வரையான காலம் மிக நீளலாம், ஒரு நாளுக்கு மேலும் போகலாம். அந்த நேரத்தில் நீங்கள் பதறினால் தாயும் பதறுவாள். நடக்கட்டும், தூங்க முடிந்தால் தூங்கட்டும், லேசாகச் சாப்பிடட்டும். 5 சென்றிமீற்றருக்குப் பின் முதற்பிள்ளைக்கு வழமையாக 12 மணித்தியாலத்துக்குள், அடுத்த பிள்ளைகளுக்கு 10 மணித்தியாலத்துக்குள் முழுதும் திறக்கும். "மணித்தியாலத்துக்கு ஒரு சென்றிமீற்றர் திறக்கவேணும்" என்று வெளியிலிருந்து யாராவது கணக்குச் சொன்னால் அதைத் தாயின் காதில் போடாதீர்கள். உலக சுகாதார நிறுவனமே அந்தக் கணக்கை வைத்து அவசரப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

நோவு வரும்போது செய்ய வேண்டியது அதிகமில்லை, ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

மூச்சு. மூக்கால் இழுத்து, வாயால் நீளமாக விடச் சொல்லுங்கள்; சொல்வதைவிட நீங்களே கேட்கும்படி மூச்சு விட்டால் அவள் தானாகச் சேர்ந்துகொள்வாள். விரல் நுனி கூசுகிறது, உதடு மரத்துப்போகிறது என்றால் அவள் மிக வேகமாக மூச்சு விடுகிறாள். தோளைத் தொட்டு, வெளிவிடும் மூச்சை நீட்டச் செய்யுங்கள், சில நிமிடத்தில் சரியாகும்.

இடுப்பு. பிட்டப் பிளவுக்குச் சற்று மேலே தட்டையான எலும்பு ஒன்று கைக்குத் தட்டுப்படும். நோவு தொடங்கியதும் உள்ளங்கையின் அடிப்பகுதியை அங்கே வைத்து, உங்கள் கை நேராக இருக்க, உடம்பின் பாரத்தால் அழுத்துங்கள். தடவ வேண்டாம், ஒரே இடத்தில் நிலையாக அழுத்தி, நோவு தணியும்போது மெல்ல விடுங்கள். எவ்வளவு அழுத்துவது என்பதை அவளே சொல்வாள். புதியவர்கள் பெரும்பாலும் பயந்து குறைவாகத்தான் அழுத்துகிறார்கள். பிள்ளையின் பிடரி தாயின் முதுகுப் பக்கம் இருக்கும் பிரசவங்களில் நோவு முழுக்க முதுகிலேயே நிற்கும். அவர்களுக்கு இதைப் போல ஆறுதல் வேறில்லை. ஒரு கையால் முடியாமல் போனால் இரு பக்க இடுப்பெலும்பையும் இரு உள்ளங்கையால் உள்நோக்கி நெருக்கிப் பாருங்கள். வயிற்றை மட்டும் ஒருபோதும் அழுத்தவோ தடவித் தள்ளவோ கூடாது. நச்சுக்கொடி பிரியவும் கருப்பை கிழியவும் இடமுண்டு.

கிடை. மல்லாந்து படுத்தால் பிள்ளையின் பாரம் தாயின் பெரிய இரத்தக் குழாயை நெருக்கும், பிள்ளைக்குப் போகும் இரத்தம் குறையும், தாய்க்குத் தலைசுற்றும். சரிந்து படுப்பது, கட்டிலைப் பிடித்து முன்னால் சாய்ந்து நிற்பது, உங்கள் தோளில் தொங்குவது எல்லாம் நல்லது. துடிப்புப் பார்க்கும் பெல்ட் கட்டியிருந்தாலும் இடப்பக்கம் சரியலாமா என்று கேட்டுச் சரியுங்கள்.

தண்ணீர், சிறுநீர். ஒவ்வொரு நோவுக்கும் பின் இரண்டு மிடறு தண்ணீர் அல்லது ஜீவனி. வெறும் வயிற்றில் வைக்கச் சொல்லியிருந்தால் எதுவும் கொடுக்க வேண்டாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். நோவின் கடுமையில் அவளுக்கு அந்த உணர்வே தெரியாது. நிறைந்த சிறுநீர்ப்பை பிள்ளையின் தலை இறங்குவதைத் தடுக்கும், பிறந்த பின் இரத்தப்போக்கையும் கூட்டும். கொப்பியில் நேரம் குறித்துக்கொண்டால் மறக்காது.

வாய்ச்சொல். "இன்னும் எவ்வளவு நேரமோ" என்று சொல்லக் கூடாது. "இந்த நோவு போயிட்டு. அடுத்தது வரும்வரைக்கும் தோளைத் தளர விடு" என்று ஒவ்வொன்றாகக் கடத்துங்கள். கத்தினால் அதட்டாதீர்கள், வலித்தால் சத்தம் வரும். யாராவது அவளை ஏசினால் நீங்கள் சண்டைக்குப் போக வேண்டாம், அவள் முகத்துக்கு நேரே குனிந்து உங்கள் குரலை மட்டும் கேட்கச் செய்யுங்கள். பிறகு, பிரசவம் முடிந்து அமைதியான பின், பொறுப்பான சிஸ்டரிடம் நேரத்தையும் நடந்ததையும் சொல்லுங்கள்.

"என்னால ஏலாது, வீட்ட போவம்" என்று அவள் அழத் தொடங்கினால், உடம்பு நடுங்கினால், வாந்தி வந்தால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் முழுதாகத் திறக்கப்போகும் நேரம் அது. மலம் வருவதுபோல் இருக்கிறது என்றால் உடனே மிட்வைஃபைக் கூப்பிடுங்கள். அவர் பார்த்துச் சொல்லும்வரை முக்க விடாதீர்கள். முழுதும் திறக்குமுன் முக்கினால் கருப்பை வாய் வீங்கி வழி அடைபடும். "ஃபூ, ஃபூ" என்று குட்டி மூச்சாக ஊதச் செய்தால் அந்த உந்துதலைக் கொஞ்சம் தாண்டலாம். முக்கும் நேரம் முதற்பிள்ளைக்கு மூன்று மணித்தியாலம் வரை, மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு மணித்தியாலம் வரை போகலாம்.

ஊழியர் சிங்களம் மட்டும் பேசுபவராக இருந்தால் சில சொற்கள் கைகொடுக்கும். நோகுது: ரிதெனவா. இரத்தம் போகுது: லே யனவா. கெதியா வாங்கோ: இக்மனட்ட என்ன. திரும்பச் சொல்லுங்கோ: ஆயெத் கியன்ன. தமிழ் கதைக்கிற ஆள் இருக்கிறாரா: தெமள கதா கரன கெனெக் இன்னவத. கையெழுத்து வைக்கும் தாள் எதுவானாலும் தமிழில் விளக்கிய பின்பே வைக்கட்டும். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. கேட்பதில் தவறே இல்லை.

சிசேரியன் என்று முடிவானால் பெரும்பாலும் உங்களை வெளியே நிற்கச் சொல்வார்கள். போகுமுன் அவளிடம் காரணத்தை ஒரு வரியில் திருப்பிச் சொல்லுங்கள்: "பிள்ளையின்ர துடிப்புக் குறையுதாம், அதுக்காகத்தான்." என்ன நடக்கிறதென்று தெரியாமல் தியேட்டருக்குள் போவதுதான் பல பெண்களுக்குப் பின்னரும் ஆறாமல் நிற்கிறது.

பிறந்த முதல் மணித்தியாலம்

பிள்ளை வந்தவுடன் எல்லோர் கண்ணும் பிள்ளையிடம் போகும். உங்கள் கண் தாயிடமே இருக்கட்டும். தொடையில் போடும் ஒக்சிற்றோசின் ஊசி இரத்தப்போக்கைக் குறைக்க. அதை வேண்டாமென்று தடுக்காதீர்கள். தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டினால் பிள்ளைக்குக் கூடுதல் இரத்தமும் இரும்புச்சத்தும் கிடைக்கும். இதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

துடைத்த பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சில் குப்புற வைத்து, முதுகைத் துணியால் மூடி, தொப்பி போட்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பி மூக்கு தெரியும்படி விடுங்கள். இங்கே உங்கள் வேலை காவல்: தாய் களைப்பில் கண்ணயர்வாள், அப்போது பிள்ளையின் மூக்கு அமுங்காமல் நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்குள் பால் குடிக்கத் தொடங்கட்டும். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, நாடி மார்பில் பட்டிருந்தால் பிடி சரி. முலைக்காம்பை மட்டும் கவ்வினால் வலிக்கும், வெடிக்கும். சுண்டு விரலை வாயோரம் விட்டு எடுத்துத் திரும்ப வையுங்கள். மஞ்சளாக வரும் கடும்புப்பால் சில துளிதான் இருக்கும். முதல் நாளில் பிள்ளைக்குத் தேவையும் அவ்வளவுதான். தேன், சீனித்தண்ணீர், சேனை எதுவும் நாவில் வைக்க வேண்டாம். பாங்கு சொல்ல விரும்பும் குடும்பங்கள் பிள்ளையை எப்போது, எங்கே காட்டுவார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம். முதல் குளிப்பை 24 மணித்தியாலம் தள்ளி வையுங்கள்.

தாயின் பாட்டைப் பாருங்கள். புதிய பாட் 5 நிமிடத்துக்குள் நனைந்தால், பெரிய கட்டிகளாகப் போனால், அவள் வெளிறி வியர்த்துக் குளிர்ந்தால், காத்திருக்காமல் சத்தமாகக் கூப்பிடுங்கள். சில வேளை இரத்தம் முதுகுக்குக் கீழே ஓடித் தேங்கியிருக்கும், பாட் நனையாமலே இருக்கும்; சீலையை உயர்த்திப் பாருங்கள். தொப்புளை அண்டி உரித்த தேங்காய் போல இறுகியிருக்க வேண்டிய கருப்பை தளர்ந்து கிடந்தால்தான் இப்படி ஓடும், மிட்வைஃப் வந்து பிடித்துவிடுவார். இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான், ஏனென்றால் இங்கே நிமிடங்கள் பெறுமதியானவை.

வீட்டுக்கு வந்த பின்

பீ.சீ.ஜி. ஊசி போட்டதா, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். வீட்டுக்கு வந்ததைக் குடும்பநல மாதுவுக்கு அன்றே சொல்லுங்கள். பேற்றுக்காக அம்மா வீட்டுக்கு வந்திருந்தால் அந்த ஊர் மாதுவுக்குச் சொல்ல வேண்டும். இதை மறந்துதான் பலருக்கு முதல் பத்து நாள் வீட்டுப் பார்வை தவறிப்போகிறது. தொப்புளில் சாம்பல், எண்ணெய், பவுடர் வேண்டாம், காய விடுங்கள். காய்ச்சல், நாற்றமுள்ள போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், பிள்ளை பால் குடிக்காமை, உள்ளங்கால் வரை மஞ்சளித்தல் எதுவானாலும் உடனே ஆஸ்பத்திரி. இரண்டு கிழமைக்கு மேல் தாய் அழுதுகொண்டே இருந்தால், பிள்ளையைத் தொட விரும்பாவிட்டால், அது அவளுடைய குணமல்ல, நோய். மாதுவிடம் சொல்லி டொக்டரிடம் கூட்டிப் போங்கள். பிறப்புப் பதிவை 42 நாளுக்குள் முடியுங்கள்.

உங்கள் கொப்பியை அவளிடம் கொடுங்கள். எத்தனை மணிக்கு நீர் உடைந்தது, எப்போது முக்கத் தொடங்கினாள், எப்போது பிள்ளை அழுதது என்பவை பல தாய்மாருக்கு மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கும். அடுத்த பிள்ளைப்பேற்றில் டொக்டர் கேட்கும் கேள்விகளுக்கும் அந்தக் குறிப்பு உதவும்.

இப்படி ஓரிரு பிரசவத்துக்குத் துணை நின்ற பின், இதையே தொழிலாகச் செய்ய ஆசை வரும் இளம்பெண்களும் இருக்கிறார்கள். நல்ல ஆசை. தமிழ் பேசும் மிட்வைஃப்மார் நமக்கு இன்னும் தேவை. அரச சேவையில் குடும்பநல மாதுவாக 18 மாதப் பயிற்சி, அதன் பின் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு. பதிவில்லாமல் பிரசவம் பார்க்க யாருக்கும் அனுமதியில்லை. ஆட்சேர்ப்பு அறிவித்தல் அரச வர்த்தமானியில் வரும். கல்வித் தகைமையும் வயதெல்லையும் காலத்துக்குக் காலம் மாறுவதால் பழைய விளம்பரத்தை நம்பாமல், உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் புதியதைக் கேட்டு விண்ணப்பியுங்கள்.